ஓர் அழுத்து, இரண்டு அழுத்து

பாராட்டு விழாவுக்கு இன்னும் ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஒரு நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தான்.

“நன்றி சொல்லோணுமாம். நீயே எழுதிக் குடு, வீரா. ஊட்டுல படிச்சவ நீதான்.”

“நான் படிச்சது பிசிக்ஸ்.”

“நல்லதாப் போச்சு. சுருக்கமா வரும்.”

என் அண்ணன் சென்றாயன் ஏழு சீசன் தொழில்முறை கபடி ஆடியவன். வலது கார்னர். தடுப்பவர்கள் வரிசையின் வலக்கோடியில் நின்று, பாடி வரும் ரைடரின் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது அவன் வேலை. கொட்டச்சேட்டிலிருந்து டிவியில் வந்த முதல் ஆள். போன மாதம் ஓய்வு பெற்றான். ஏற்காட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் மாரியப்பனும் கடைக்காரர்களும் சேர்ந்து ஞாயிறு மாலை நான்கு மணிக்கு விழா வைத்திருந்தார்கள். அதே மேடையில் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு கபடிப் பயிற்சி மையமும் தொடங்குகிறது. அண்ணன்தான் கோச். சேலத்திலிருந்து ஆட்டத்துக்கான மேட் விரிப்பு வந்து இறங்கிவிட்டது.

அண்ணன் விரல் மடக்கிச் சொன்னான். நான் எழுதினேன். காபிக் களத்தில் விளையாடவிட்ட, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சின்னசாமி. முதல் ஷூ வாங்கிக் கொடுத்த பி.டி. மாஸ்டர். வேலை கொடுத்த வங்கி. அணியின் கோச். அம்மா. ஒப்புக்குச் சொல்லவில்லை. மாஸ்டர் பெயரைச் சொல்லும்போது ஷூவின் நிறத்தையும் சொன்னான். நீலம், வெள்ளைக் கோடு.

ஒரு கை முடிந்தது.

“காளியண்ணன்?” என்றேன்.

அடுத்த கையைத் தூக்கியவன் அப்படியே நிறுத்தினான்.

“அவனைப் பத்திச் சொன்னா எல்லாத்தையும் சொல்லோணும். எல்லாத்தையும் சொன்னா உன்ற பேரும் வரும்.”

எழுந்து வெளியே போனான். போகும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டான். எப்போதும் இடிப்பான். உடம்பு பெரிது, வாசல் சின்னது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனுக்கு இடது கண் தெரியாது. அது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அந்த வெள்ளிக்கிழமை வரை நினைத்திருந்தோம்.

காளியண்ணனுக்கு ஊர் மஞ்சக்குட்டை. கொட்டச்சேட்டில் அத்தை வீட்டில் தங்கி அண்ணனோடு படித்தார். காபிப் பழம் காயப்போடும் சிமெண்ட் களம்தான் அவர்களுக்கு மைதானம். பழம் இல்லாத மாதங்களில் மட்டும் ரைட்டர் விடுவார். அந்த மாதங்களில்தான் பனி மூட்டமாக மஞ்சு இறங்கும். நான்கு மணிக்கு மேல் எதிரே வருபவன் தெரிய மாட்டான். கபடி கபடி என்று குரல் மட்டும் வரும். மஞ்சுக்குள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

அதனால் அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். தடுப்பவர்கள் எப்படியும் கை கோத்துத்தான் நிற்பார்கள். ரைடரின் கால் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் பக்கத்துக் கையை அழுத்த வேண்டும். ஓர் அழுத்து என்றால் எட்டும் தூரத்தில் வந்துவிட்டான், விழு. இரண்டு அழுத்து என்றால் ஏய்க்கிறான், நில். சேலத்துப் பையன்கள் மலையேறி வந்து மஞ்சுக்குள் தோற்றுவிட்டு, களத்தில் பேய் கால் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

பிறகு இருவரும் ஒரே அணிக்குத் தேர்வானார்கள். அண்ணன் வலது கார்னர். அவனுக்கு இடப்பக்கம், அவன் இடக்கையைப் பிடித்துக்கொண்டு காளியண்ணன். பெரிய அரங்கம், கண் கூசும் விளக்கு. அங்கேயும் கை அழுத்திக்கொண்டார்கள்.

“இங்க ஏதுடா மஞ்சு?” என்று மற்றவர்கள் சிரித்தார்களாம்.

“கை கேக்க மாட்டேங்குதுங்க,” என்பாராம் காளியண்ணன்.

இரண்டாவது சீசன் முடிந்து ஊருக்கு வந்திருந்தபோது, ஆத்தூர்ப் பக்கம் ஒரு போட்டியில் ரைடரின் குதிகால் அண்ணனின் இடது கண்ணில் பட்டது. வீக்கம் வடிந்தது. பார்வையில் திரை மாதிரி ஏதோ தொங்குகிறது என்றான். அந்தத் தொடரின் இறுதிப் போட்டி ஆடிவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று ஒன்பது நாள் தள்ளினான். விழித்திரை பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பவில்லை. வங்கியில் டிரெயினிங் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான். அப்போது பி.எஸ்சி. இரண்டாம் வருடம்.

அடுத்த சீசனுக்கு முன் மருத்துவப் பரிசோதனை வந்தது. அண்ணனுக்கு இருபத்தைந்து வயது. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முந்தைய வருடம் பரிசோதனை அறையில் அவன் எடுத்த ஒரு செல்ஃபி போனில் இருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் எழுத்துப் பலகை. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஏழு வரிசையையும் எழுதினேன். மனப்பாடம் செய்ய வைத்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இருட்டைப் பார்த்து அவன் ஒப்பித்தான். ஏழாவது வரிசையில் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வரும்.

ஐந்து வருடமும் அதே பலகை. ஐந்து வருடமும் தேறினான்.

ஒருநாள் களத்தில் அவனை நிறுத்தி, சாக்பீஸும் கயிறும் வைத்து அளந்தேன். நேரே பார்க்கச் சொல்லிவிட்டு இடப்பக்கமிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்தேன். அவன் “தெரியுது” என்ற இடத்தில் கோடு போட்டேன். பிறகு அவன் இடத்தில் நான் நின்று எனக்குத் தெரிகிற இடத்திலும் கோடு போட்டேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவே முப்பத்தைந்து டிகிரி இருந்தது.

வலது கார்னருக்கு எல்லா ரைடரும் இடப்பக்கமிருந்துதான் வருவான்.

இருந்தும் அடிபட்டதற்கு அடுத்த மூன்று சீசன்தான் அண்ணனின் உச்சம். ஒரு வருடம் லீக்கிலேயே அதிகம் பிடித்தவன் அவன். காளியண்ணனின் கணக்கு இறங்கிக்கொண்டே போனது. “அவன் கையை உட்டுட்டு முன்னால போ” என்று கோச் கத்துவார். “சரிங்க சார்” என்பார் காளியண்ணன். ஆட்டத்தில் கடைசி நொடி வரை விட மாட்டார். விட்ட பிறகு அவர் பிடிப்பதற்கு ரைடர் மிச்சம் இருக்க மாட்டான். அந்த மூன்றில் கடைசி சீசனில் அவர் தனியாகப் பிடித்தது ஆறே பேர். டிவியில் பேசுகிறவர் ஒருவர், சென்றாயனுக்குத் துணைக்கு வந்தவர் என்று சொல்லிச் சிரித்தார். அணிகள் ஆட்டக்காரர்களை எடுக்கும் அடுத்த ஏலத்தில் காளியண்ணன் பெயரை வாசித்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. அவர் மலைக்குத் திரும்பி வந்து, ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் இடையே ஷேர் ஜீப் ஓட்ட ஆரம்பித்தார்.

அதன் பிறகு அண்ணன் இரண்டு சீசன் ஆடினான். இடக்கையைப் பிடித்தவன் புது ஆள். அழுத்தத் தெரியாது. அண்ணன் கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவந்து நின்றான். டிவிக்காரர்கள் அதையும் விடவில்லை. ‘ஏற்காட்டு ஆந்தை’ என்று பெயர் வைத்தார்கள். ரைடரைக் குழப்பும் உத்தியாம். ஆந்தைப் படம் போட்ட பனியன்கள் ஏரிக்கரைக் கடைகளில் தொங்கின. அம்மா ஒன்று வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை காலை அண்ணன் ஓர் அழைப்பிதழை என்னிடம் கொடுத்தான்.

“காளிக்குக் குடுத்துரு.”

“நீயே போய்க் கொடு.”

“எனக்கு மூஞ்சி இல்ல, வீரா.”

காலாண்டு விடுமுறை. நான் ஆய்வக உதவியாளராக இருக்கும் பள்ளி மூடியிருந்தது. சாக்குச் சொல்ல வழியில்லை. ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் காளியண்ணனின் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பின்னால் பத்துப் பேர். எனக்கு முன் சீட்டைக் காட்டினார். அழைப்பிதழை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, ஓரத்தைக்கூட மடக்காமல் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்.

பின்னாலிருந்து பாப்பாத்தியக்கா எட்டிப் பார்த்தார். மஞ்சக்குட்டையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர்.

“ஏனுங்க காளி, உங்க கூட்டாளிக்கு நாளைக்கு மேடையாமா. மாலையாமா. உங்களுக்கு என்னங்க?”

“எனக்கு ஸ்டியரிங்குங்க்கா.”

“இதுல உங்க பேரு எங்கியுங் காணோமே.”

“வண்டியில பெருசா எழுதியிருக்குதே, பாக்கலீங்களா?”

“அது சாமி பேருங்க.”

“நானும் அதுங்கூடத்தான ஓட்டறேன்.”

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மஞ்சக்குட்டையில் எல்லோரும் இறங்கினார்கள். நான் அதே வண்டியில் திரும்ப வேண்டும். காளியண்ணன் என்ஜினை நிறுத்தினார். பாப்பாத்தியக்கா தூரம் போகும்வரை காத்திருந்தார்.

“வலது கண்ணையாச்சும் வருசம் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டறானா, சாமி?”

நான் சட்டென்று காலியான பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“பயப்படாத. நான் யாருகிட்டயுஞ் சொன்னதில்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“டீ டம்ளர்,” என்றார். “ஆத்தூர்ல அடிபட்டுட்டு வந்த சீசன். மெஸ்ஸுல அவனுக்கு இடப்பக்கம் டம்ளரை வெச்சேன். தட்டி உட்டான். மறுநாளும் வெச்சேன், தட்டி உட்டான். சரின்னு மூணாவது நாள் வேணும்னே வெச்சேன்.”

“தட்டினானா?”

“என்ற பேண்ட்டு மேலயே.”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“அன்னையிலிருந்து பஸ்ஸுல, ரயில்ல, சோத்துக்கு உக்காந்தா, எங்கயுமே நான் அவனுக்கு வலப்பக்கம் உக்காந்ததில்ல.”

“அவன்கிட்ட ஏன் சொல்லலை?”

“அவன் சொல்லுலையே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா என்ற கையைப் புடிக்கறதுக்குக் கூச்சப்படுவான். கூச்சப்பட்டா அரை நொடி போயிரும். அரை நொடியில ரைடர் கோட்டைத் தாண்டிருவான்.”

“உங்க ஆட்டம் போச்சே, காளியண்ணா.”

அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“போச்சுத்தான். இல்லைன்னு சொல்லுல. ஏலத்துல என்ற பேரைப் படிச்சுட்டு அடுத்த பேருக்குப் போனாங்க பாரு, அன்னைக்கு நொம்ப அழுதேன். ஆனா அவன் கணுக்காலுல போய் உழுகறது இருக்குதே, அதை அத்தனை கிட்டத்துல நின்னு பாத்தவன் நான் ஒருத்தன்தான், சாமி.”

சாவியைத் திருப்பினார்.

“இதை அவன்கிட்டச் சொல்லிப்போடாத. நாளைக்கு அவனுக்கு நல்ல நாள். நான் ஆள் ஏத்திக்கிட்டு வந்து பின்னால நின்னு பாத்துக்கறேன்.”

சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அண்ணன் களத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். நான் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

“காளியண்ணனுக்குத் தெரியும். டீ டம்ளர் தட்டிவிட்ட நாளிலிருந்து தெரியும்.”

அவன் கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“மூணு வருசமுமா?”

“மூணு வருசமும்.”

“அப்ப கோச்சுகிட்ட அவன் வாங்கினதெல்லாம்…”

களத்தில் யாரோ விட்டுப்போன இரண்டு காபிக் கொட்டைகளைக் காலால் ஒன்று சேர்த்தான். வெகு நேரம் அதையே செய்துகொண்டிருந்தான். பிறகு, “பழக்கத்துல அழுத்தறான்னு நெனச்சேன், வீரா. பாவி, பழக்கத்துலதான்னு நெனச்சேன்” என்றான்.

“என் பேர் வந்தா வரட்டும்,” என்றேன்.

“என்ன?”

என் குரல் அவனுக்கு எட்டவில்லை. எனக்கு வீராயி என்று பெயர் வைத்தவர்கள் நான் பேசுவதைக் கேட்டதில்லை. மறுபடியும் சொன்னேன்.

“வேலை போயிருச்சுன்னா?”

“பீக்கர் கழுவற வேலைதானே.”

அன்று சாயங்காலம் அவனுடைய நன்றி உரையை வெள்ளைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதினேன். ஐந்து நன்றி. ஆறாவதாக ‘காளி’ என்று மட்டும் எழுதி, கீழே நான்கு வரி இடம் விட்டேன். அவன் அதைப் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிறு நான்கு மணிக்கு மைதானம் நிறைந்திருந்தது. மேடைக்கு மேலே பேனரில் அண்ணன் படம், பக்கத்தில் அதே அளவில் ஓர் ஆந்தை. முதல் வரிசையில் அம்மாவும் ரைட்டர் சின்னசாமியும். இரண்டாவது வரிசை ஓரத்தில் நான். மஞ்சக்குட்டை ஜீப் மைதானத்தின் பின்பக்கம் வந்து நின்றதைப் பார்த்தேன். காளியண்ணன் பானெட்டில் சாய்ந்து நின்றார்.

முதலில் பிள்ளைகளின் ஆட்டம். புது மேட், புது பனியன். தடுக்கும் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். விசில் ஊதியதும் ஏழு பேரும் ஒரே மாதிரி கழுத்தை இடப்பக்கம் திருப்பினார்கள்.

கூட்டம் விசிலடித்தது. இடக்கோடியில் நின்ற பையனும் திருப்பியிருந்தான். அவனுக்கு இடப்பக்கம் எல்லைக்கோடுதான் இருந்தது. அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரைடர் அவன் முதுகைத் தட்டிவிட்டுத் திரும்பினான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் வலது கார்னரில் ஒரு சிறுமி. கழுத்தைத் திருப்பியபடியே பாய்ந்தாள். நேரே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரைடரின் முழங்கால் அவள் முகத்தில் இடித்தது.

அண்ணன் மேடையிலிருந்து குதித்துவிட்டான். மேட் மேல் மண்டியிட்டு, அவளுடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினான்.

“எத்தனை விரல், கண்ணு?”

“ரெண்டுங்க.”

“இப்ப?”

“நாலுங்க. எனக்கு ஒண்ணும் ஆவுலீங்க. உடுங்க, ஆடோணும்.”

அவன் கையை எடுத்தான். அந்தக் கையைத் தன் இடது கண் மேல் ஒரு நொடி வைத்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாரியப்பன் மைக்கைப் பிடித்தார். “பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மனசுன்னு! இனி இந்த மலையில பொறக்கற பிள்ளை ஒவ்வொண்ணும் ஆந்தைதானுங்க!” மாலை போட்டார். சால்வை போட்டார். பேச அழைத்தார்.

அண்ணன் தாளைப் பிரித்து வாசித்தான். ரைட்டருக்கு நன்றி. மாஸ்டருக்கு நன்றி, நீல ஷூவுக்கு நன்றி. வங்கிக்கு, கோச்சுக்கு. அம்மாவுக்கு நன்றி சொன்னபோது அம்மா எதற்கோ முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

“மஞ்சக்குட்டை ஜீப்பு டிரைவர் காளியண்ணன் மேடைக்கு வரோணும்.”

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “காளி, வண்டியை எடுக்கச் சொல்றாங்க! வழியில நிக்குதாமா!”

காளியண்ணன் அவசரமாக ஏறி என்ஜினைக் கிளப்பினார்.

“வண்டியை இல்லடா,” என்றான் அண்ணன் மைக்கில். “உன்னைய.”

கூட்டம் சிரித்து வழிவிட்டது. காளியண்ணன் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேடையேறினார். மேடையின் வலப்பக்கம்தான் படி. அவர் அண்ணனின் பின்னால் சுற்றிப் போய் இடப்பக்கம் நின்றார். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் இடக்கையைப் பின்னால் நீட்டினான். அவர் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பிள்ளைகளுக்குக் கோச்சு இவன்தானுங்க. நானில்ல. நான் கூடமாட நிக்கறேன்.”

மாரியப்பன் இன்னொரு மைக்கில் குறுக்கிட்டார். “ஏனுங்க தம்பி, இது நல்லாருக்குதா? ஆந்தைப் பார்வை உங்களுதுங்க. அதைக் கத்துக்கத்தானுங்க பிள்ளைங்க வந்திருக்குது.”

“அது கத்துக்கற விசயமில்லீங்க. இனிமே யாரும் கழுத்தைத் திருப்பக் கூடாதுங்க.”

“எதுக்குங்க?”

நான் அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காளியண்ணனின் விரல் முட்டிகள் வெளுத்தன, தளர்ந்தன, மறுபடி வெளுத்தன. இரண்டு அழுத்து. நில் என்று அர்த்தம்.

அந்தக் கை சொல்லி அண்ணன் நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை.

“எனக்கு இடது கண்ணு தெரியாதுங்க. ஆறு வருசமாச்சு. அதுல மூணு வருசம் எனக்காவ இவன்தானுங்க பாத்தான்.”